வரைபடத்தில் இல்லாத பனைமேடு

1

பிள்ளைகளே, மலேசியாவைப் பற்றி உங்களுக்கு எழுதச் சொல்லி உங்கள் பத்திரிகையிலிருந்து கேட்டிருந்தார்கள். ரப்பர் மரத்தைப் பற்றியும் ஈயச் சுரங்கத்தைப் பற்றியும் எழுதலாம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் போன வாரம் எங்கள் கடைச் சுவரிலிருந்து மூன்று வரைபடங்களைக் கழற்றிக் கொடுத்தோம். இரண்டு வருஷமாக அவை மாட்டியிருந்த இடத்தில் இப்போது மூன்று வெளுத்த கட்டங்கள் தெரிகின்றன. அதைப் பார்த்த பிறகு வேறு எதையும் எழுத மனசு போகவில்லை.

நான் ஈப்போவில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். சாமி படம், கல்யாணப் படம், செத்தவர்கள் படம் எல்லாவற்றுக்கும் சட்டம் போட்டுக் கொடுப்போம். முதலாளி சீனர். இங்கே முதலாளியைத் தவுக்கே என்போம். அந்த வரைபடங்கள் ஒரு ரப்பர் தோட்டத்து பங்களாவிலிருந்து வந்தவை. வெள்ளைக்காரத் துரை ஊருக்குக் கிளம்பியபோது விட்டுப்போன சாமான்களை ஒரு வக்கீல் வாங்கி, புதுச் சட்டம் போடச் சொல்லிக் கொடுத்தார். கொடுத்தவர் போன வாரம் வரைக்கும் திரும்பி வரவே இல்லை. தவுக்கே அவற்றைச் சுவரில் மாட்டிவிட்டார். பழைய காலத்தில் ஐரோப்பாக்காரர்கள் ஆசியாவை எப்படி நினைத்திருந்தார்கள் என்பதற்கு அந்த மூன்றும் சாட்சி. அசல் இல்லை, அசலைப் பார்த்து அச்சடித்தவை.

முதல் படத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதில் நம் இந்தியாவுக்குப் பெயர் இருக்கிறது, உடம்பு இல்லை. கன்னியாகுமரி வரைக்கும் கூம்பி இறங்குகிறதே, அந்த நிலத்தைக் காணோம். கரை ஏறக்குறைய நேராக ஓடுகிறது. அதற்குப் பதிலாக இலங்கையைப் பெரிய பலாப்பழம் மாதிரி வரைந்து வைத்திருக்கிறார்கள். இந்துமாக் கடலைச் சுற்றி நாலு பக்கமும் நிலம். ஆப்பிரிக்காவின் அடியிலிருந்து ஒரு கரை கிளம்பி, கிழக்கே ஆசியாவோடு வந்து ஒட்டிக்கொள்கிறது. கடலே குளமாகிவிட்டது! நாங்கள் இருக்கும் இந்த மலாயாவுக்கு அதில் பொன் தீபகற்பம் என்று பெயர்.

என் மகள் ஸ்டெல்லா பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் கடைக்கு வந்து பார்த்தாள். நான் பிறந்தது லால்குடிப் பக்கம் என்று அவளுக்குத் தெரியும். படத்தில் அந்த இடத்தை விரலால் தேடினாள்.

"அப்பா, உங்க ஊரு தண்ணிக்குள்ள போயிருச்சு லா!"

லா என்பது இந்த ஊர்ப் பேச்சில் கடைசியில் ஒட்டிக்கொள்ளும் சொல். நம்ம ஊரு என்று அவள் சொல்லவில்லை. அவளைக் குற்றம் சொல்ல முடியாது, அவள் பிறந்தது இங்கே. பூகோளத்தை மலாய் மொழியில் படிக்கிறாள். பள்ளி நூலகத்திலிருந்து ஆங்கிலப் புத்தகம் ஒன்றை எடுத்துவந்து, மலாயும் தமிழுமாகக் கலந்து எனக்கு விளக்கினாள். நான் படித்தது எட்டாம் வகுப்பு. அதனால் கீழே ஏதாவது பிசகியிருந்தால் அது என் பிசகு.

அந்த முதல் படத்துக்கு ஆதாரம் எகிப்து தேசத்து அலெக்சாந்திரியாவில் இருந்த ஒரு கிரேக்கர் எழுதிவைத்த கணக்கு. அவர் இந்தப் பக்கம் வந்ததில்லை. கப்பல்காரர்களும் வியாபாரிகளும் சொன்னதைக் கேட்டு, எந்த ஊர் எங்கே என்று எழுதினார். ஆயிரத்து முந்நூறு வருஷம் கழித்து ஐரோப்பாவில் அச்சு வந்தபோதும் அதையேதான் அச்சடித்தார்கள். இரண்டாவது படத்தில் மலாயாவின் அடிப்பாகம் தனித் தீவாக நிற்கிறது. குறுக்கே ஓர் ஆறு இந்தக் கடலிலிருந்து அந்தக் கடலுக்கு ஓடுகிறது. அப்படி ஓர் ஆறு கிடையாது. மேற்கே போகும் ஆறு ஒன்று, கிழக்கே போகும் ஆறு ஒன்று, நடுவில் கொஞ்சம் தரை. அந்தத் தரையில் வியாபாரிகள் படகை இழுத்துக்கொண்டு போவார்களாம். "படகிலேயே அக்கரைக்குப் போகலாம்" என்று யாரோ சொல்லியிருப்பார்கள். கேட்டவர் ஆறு என்று வரைந்துவிட்டார். பொய் சொன்னவர் யாரும் இல்லை, பாருங்கள்.

மூன்றாவது படத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதற்குள் கருப்பையா அண்ணன் வந்துவிட்டார்.

2

எங்கள் ஊருக்கு இரண்டு கல் தள்ளி இருப்பவர் கருப்பையா. ஐம்பது வயது இருக்கும். என் தம்பியிடம் விலாசம் வாங்கிக்கொண்டு, கப்பலில் பினாங்கு வந்து இறங்கி, பஸ் ஏறி ஈப்போவுக்கு வந்து, கடை வாசலில் நின்றார். அப்பா அம்மா செத்த பிறகு அவரைத் தூக்கி வளர்த்தது அவருடைய அண்ணன் ராமசாமி. ஜப்பான்காரன் சண்டை முடிந்த கொஞ்ச நாளில், கல்யாணம் ஆன புதுசில், ராமசாமி தோட்டத்துக்கு ஆள் சேர்த்த ஒரு கங்காணியோடு மலாயாவுக்கு வந்துவிட்டார். சில வருஷம் சேதி வந்தது. அப்புறம் நின்றுபோனது.

"அண்ணி எங்க வீட்லதான் இருக்கு. செல்லம்மா. கழுத்துல தாலியோட உக்காந்திருக்கு. ஊர்ல நல்லது கெட்டதுன்னா எந்தப் பக்கம் நிக்கிறதுன்னு அதுக்கே தெரியல. ‘ஆளு இருக்காரா இல்லையா, ரெண்டுல ஒண்ணக் கேட்டுட்டு வாங்க தம்பி, எதுன்னாலும் பரவால்ல’ன்னு சொல்லி அனுப்பிச்சு."

அவரிடம் இருந்தது ஒரு பெயர்தான்: பனைமேட்டுத் தோட்டம், பேராக். பேராக் எங்கள் ஈப்போ இருக்கும் மாநிலம். வந்த கடிதங்களைக் கரையான் தின்றுவிட்டது. ஆனால் வீட்டில் எல்லாரும் எப்போதும் சொல்லிக்கொண்டிருந்த பெயர் அது, மறக்கவில்லை.

அந்தப் பெயர் எந்த வரைபடத்திலும் இல்லை. இங்கே தோட்டங்களுக்குக் கம்பெனி வைத்த ஆங்கிலப் பெயர் ஒன்று இருக்கும். அது கணக்கெழுதும் கிராணிக்கும் துரைக்கும்தான். நம் ஜனங்கள் தங்களுக்கு வாய்த்த பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். துரைக்குக் கால் ஊனம் என்றால் நொண்டித்துரை தோட்டம். கங்காணி எந்த ஊர்க்காரரோ அந்த ஊர்ப் பெயரே தோட்டத்துக்கு வந்துவிடுவதும் உண்டு.

"பனைமரமா?" என்று தவுக்கே மலாயில் கேட்டார். "இங்க தென்னை இருக்கு, எண்ணெய் எடுக்கிற செம்பனை இருக்கு. உங்க பனை வேணும்னா கப்பல்ல திரும்பிப் போகணும்."

கருப்பையாவுக்கு மலாய் புரியாது. "என்ன சொல்றாரு?" என்றார். "தேடிப் பாக்கலாம்னு சொல்றாருண்ணே" என்றேன்.

பஸ் நிலையத்தில் கேட்டோம், கள்ளுக்கடையில் கேட்டோம். கடைசியில் ஒரு லாரி டிரைவர், "பனைமேடா? சிலிம் ரிவர் பக்கம் அண்ணே. எங்க மாமா அங்கதான் இருந்தாரு" என்றார்.

3

சிலிம் ரிவர் போய், அங்கிருந்து செம்மண் பாதையில் நடந்தோம். ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் செம்பனை. தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளை இடித்துவிட்டார்கள். வேலை செய்தவர்கள் இந்தோனேசியாக்காரர்கள். நல்லவேளையாகக் காவல்காரர் ஒருவர் நம் ஆள், முனியாண்டி என்று பெயர்.

"ஆமாண்ணே, பனைமேடு இதான். எனக்குத் தெரிஞ்ச நாள்லேருந்து இதான்" என்றார்.

"திருச்சிப் பக்கத்து ராமசாமின்னு..."

முனியாண்டி கருப்பையாவின் முகத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். மெதுவாகத்தான் சொன்னார். திருச்சி ராமசாமி ஒருவர் இருந்தார். ரப்பர் பால் வெட்டுகிறவர், தனிக்கட்டை. காய்ச்சலில் போய்விட்டார். புதைத்த இடத்துக்கும் கூட்டிக்கொண்டு போனார். அங்கே மேடுகூட இல்லை, செம்பனை நின்றது.

கருப்பையா அழவில்லை. "இங்க நாவிதர் இருக்காரா?" என்று கேட்டார். இல்லை. முனியாண்டியே தன் சவரக்கத்தியை எடுத்து வந்து ஓடைக்கரையில் உட்கார வைத்து மழித்துவிட்டார். கருப்பையா முழுகி எழுந்து, ஈரத் துணியோடு தெற்கே பார்த்து நின்றார். நான் வேதக்காரன், எனக்கு அந்தச் சடங்கு தெரியாது. ஒரு ஓரமாய் நின்று என் வழக்கப்படி ஜெபம் சொன்னேன்.

அன்றைக்கே தந்தி கொடுக்க வேண்டும் என்றார். "அண்ணி ஒவ்வொரு நாளும் எதிர்பார்த்துக்கிட்டிருக்கும்." சிலிம் ரிவர் தபாலாபீசில் ராமசாமி காலமானார் என்பதை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன்.

4

கப்பலுக்கு இன்னும் நாள் இருந்தது. கருப்பையா எங்கள் வீட்டில் தங்கினார். பகலில் கடைக்கு வந்து, என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் மூன்றாவது படத்தைக் காட்டி, "இது என்ன, ஏரியா?" என்றார்.

சயாமுக்கும் பர்மாவுக்கும் மேலே பெரிய ஏரி ஒன்று அதில் இருக்கிறது. அந்த ஒரே ஏரியிலிருந்து நாலைந்து பெரிய ஆறுகள் விரல் மாதிரிப் பிரிந்து இறங்குகின்றன.

"அப்படி ஏரி எதுவும் கிடையாதாம்ண்ணே. பல பேரு நூறு வருஷத்துக்கு மேல வரைஞ்சிருக்காங்க."

"யாரு பாத்தது?"

"யாரும் பாக்கல. ஒருத்தர் வரைஞ்சதப் பாத்து இன்னொருத்தர் வரைஞ்சது."

கருப்பையா ஏரியையே பார்த்தார். "ஒருத்தனாச்சும் போய்ப் பாத்திருக்கலாம்" என்றார்.

அன்று மாலை ஸ்டெல்லா இன்னொன்று சொன்னாள். பழைய படத்தில் இலங்கைக்கு இருந்த பெயரைப் பிற்பாடு வந்தவர்கள் எடுத்து, சுமத்ரா தீவின் மேல் எழுதிவிட்டார்களாம். பெயர் பெரிய தீவுக்குச் சொந்தமானது, சுமத்ராதான் பெரிசாக இருக்கிறது, அப்போது இதுதான் அது என்று. ஒரு தீவின் பெயர் கடல் தாண்டி இன்னொரு தீவின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. கேட்டுவிட்டுச் சும்மா இருந்துவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து என் மனைவி ஆரோக்கியம் மார்க்கெட்டுக்குப் போனாள். கீரை விற்ற அம்மாவிடம் பேச்சுக்கொடுத்திருக்கிறாள். இவள் இங்கேயே தோட்டத்தில் பிறந்தவள், கீரை வாங்கப் போனால் ஊர்க்கதையும் வாங்கி வருவாள்.

"எந்தத் தோட்டம்க்கா?"

"பனைமேடு."

"சிலிம் ரிவர் பனைமேடா? அங்க யாருமே இல்லையாமே."

"அது பழசு லா! தோட்டத்த வித்தப்ப எங்க கங்காணி ஆளுங்க எல்லாரையும் கூட்டிக்கிட்டு ஆயர் தாவார் பக்கம் வந்துட்டாரு. நாங்க வந்தோம், பேரும் கூடவே வந்துருச்சு. வந்தவங்களுக்கு ஆயர் தாவார் பனைமேடு, தங்கிட்டவங்களுக்கு சிலிம் ரிவர் பனைமேடு."

ஆரோக்கியம் கீரையை அங்கேயே வைத்துவிட்டு ஓடிவந்தாள்.

5

ஆயர் தாவார் பனைமேட்டில் இன்னும் கொஞ்சம் ரப்பர் மரம் நிற்கிறது. லயமும் நிற்கிறது. ராமசாமி என்று கேட்டதும் ஒரு பையன் கடைசி வீட்டைக் காட்டினான். வாசலில் ஒல்லியாய் ஒருவர் உட்கார்ந்து, வெட்டுக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். கருப்பையா ஓரடி முன்னே போனார்.

"யாரு வேணும்?"

"அண்ணே..."

அந்தக் குரலில் என்ன கண்டுகொண்டாரோ, கத்தி கீழே விழுந்தது. எழுந்து வந்து தம்பியின் இரண்டு தோளையும் பிடித்தார். பிடித்தவர் தலையைப் பார்த்தார்.

"யாருக்குடா மொட்டை?"

தம்பி மொட்டைத் தலையைக் கையால் மூடிக்கொண்டார்.

"டேய். செல்லம்மாவுக்கா?"

"இல்லண்ணே." கருப்பையா தரையைப் பார்த்தார். "உனக்குத்தான்."

ராமசாமி சிரித்துவிட்டார். சிரிப்பு இருமலாகி வெகுநேரம் நிற்கவில்லை. "எனக்கா? நல்லா மழமழன்னு எடுத்திருக்கான்" என்று தம்பியின் தலையைத் தடவினார். தடவிக்கொண்டே இருந்தவர் கையை எடுத்துவிட்டார். "வீட்டுக்குச் சொல்லிட்டியா?"

சொல்லியாயிற்று என்பதை நான்தான் சொன்னேன்.

அன்றைக்கே ஆயர் தாவாரிலிருந்து இரண்டாவது தந்தி அடித்தோம். ராமசாமி உயிரோடு இருக்கிறார், சடங்கை நிறுத்துங்கள். சுமத்ராவின் மேல் உட்கார்ந்த அந்தப் பெயரை அப்போதுதான் நினைத்தேன். வரைந்தவர் பிசகினால் பிறகு வந்தவர் அழித்து எழுதலாம், தாளுக்கு வலிக்காது.

ஏன் சேதி போடவில்லை என்று கருப்பையா கேட்டார். "கடிதாசி எழுதிக் குடுத்த கங்காணி செத்துட்டாரு. அப்ப கம்யூனிஸ்ட் கலவரம், ஊரடங்கு. அப்புறம் அனுப்பக் காசில்ல. வெறுங்கடிதாசிய எப்படிடா போடறது? இன்னிக்கு, நாளைக்குன்னு... வருஷம் ஓடிருச்சு."

6

ராமசாமியை ஈப்போவுக்கு எங்கள் வீட்டுக்கே கூட்டிவந்தோம். கருப்பையாவின் விசாவை நீட்டிக்க அவரோடு குடிநுழைவு அலுவலகத்துக்குப் போனேன். காரணம் என்ன என்று கேட்டார் கவுண்டரில் இருந்தவர். எனக்குத் தெரிந்த மலாயில், "இவருடைய அண்ணன் உயிரோடு இருக்கிறார்" என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டுப் பார்த்தார். "நோய் என்றால் சொல்லுங்கள், சாவு என்றால் சொல்லுங்கள். உயிரோடு இருப்பதற்கு எல்லாம் நாள் நீட்ட வழியில்லை." அவர் கேலி செய்யவில்லை. அவரிடம் இருந்த சட்டம் அப்படி.

கப்பலுக்கு முந்தின நாள் பதில் தந்தி வந்தது. ஆங்கிலத்தில் இருந்ததை ஸ்டெல்லா தமிழில் சொன்னாள். இரண்டே வரி. சடங்கு முடிந்துவிட்டது. அவரை அழைத்து வாருங்கள், செல்லம்மாள்.

பழைய சாவு, பிணமும் இல்லை, எதற்குப் பதினாறு நாள் என்று ஊர்ப் பெரியவர்கள் மூன்றாம் நாளே எல்லாவற்றையும் முடித்துவிட்டார்களாம். இது பிற்பாடு தெரிந்தது. அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்தது அந்த இரண்டு வரிதான்.

"செல்லம்மான்னா போட்டிருக்கு?" என்றார் ராமசாமி.

"ஆமா மாமா."

"அவளுக்கு எழுதத் தெரியாதேம்மா."

"யாராச்சும் எழுதிக் குடுத்திருப்பாங்க மாமா. பேரு அவங்க பேருதான்."

ஆரோக்கியம் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "அண்ணே, அக்காவே கூப்பிடுது. சடங்கெல்லாம் மனுஷன் ஏற்படுத்தினதுதானே. போங்கண்ணே. கார்டு, பாஸ்போர்ட்டு எல்லாம் இவரு அலைஞ்சு வாங்கித் தருவாரு. அடுத்த கப்பல்ல போலாம்."

ராமசாமியுடையது குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் சிவப்பு அடையாள அட்டை. அந்த அட்டைக்காரர்கள் வெளியே போனால் திரும்ப விடமாட்டார்கள் என்று தோட்டங்களில் ஒரு பயம். ஆனால் அவர் அதைச் சொல்லவில்லை.

"தங்கச்சி, ஆஸ்பத்திரில நெஞ்சுப் படம் எடுத்துப் பாத்தாங்க. ரொம்ப நாள் ஓடாதுன்னுட்டாங்க." தம்பியைப் பார்த்தார். "அவள உக்கார வச்சு எல்லாத்தையும் பண்ணிட்டாங்க. நான் போயி, ஒரு வருஷம் இருந்துட்டுச் செத்தா, மறுபடியும் உக்கார வைப்பாங்க. ஒரு பொம்பளைக்கு அது ஒருதரம் போதும்டா."

கருப்பையாவுக்குக் கோபம் வந்து அப்போதுதான் பார்த்தேன். "அத அண்ணி சொல்லட்டும்! நீ யாரு அதச் சொல்றதுக்கு?"

"நானா? செத்துப்போனவன்" என்றார் ராமசாமி.

பிள்ளைகளே, இதை உங்களுக்கு எழுதலாமா என்று ஆரோக்கியம் கேட்டாள். எழுதலாம் என்றுதான் நினைக்கிறேன். இப்போது ராமசாமி அண்ணன் இல்லை. போன மழைக்காலத்தில் ஆயர் தாவாரில் காலமானார். அந்தச் சேதியை ஊருக்கு நான் தந்தியில் அனுப்பவில்லை, கருப்பையாவுக்கு நீளமாகக் கடிதம் எழுதினேன். பெயர்களை மட்டும் இதில் மாற்றியிருக்கிறேன்.

தந்தி வந்த மறுநாள் பினாங்குத் துறைமுகத்தில் அண்ணன், தம்பி, நான் மூன்று பேரும் நின்றோம். கருப்பையா விடவில்லை. "அண்ணிக்கு நான் என்ன பதில் சொல்றது? ஒரு வார்த்த சொல்லு, அதக் கொண்டுபோயிச் சொல்லிடறேன்." ராமசாமி யோசித்தார். கடைசியில், "தலையில துண்டப் போட்டுக்க, மேல்தட்டுல வெயிலடிக்கும்" என்றார். கருப்பையா துண்டைப் போட்டுக்கொண்டு ஏணியில் ஏறினார். அதற்குமேல் திரும்பிப் பார்க்கவில்லை.

பினாங்குத் துறைமுகம் தீவின் கிழக்குக் கரையில் இருக்கிறது. எதிரே தெரிவது மலாயாக் கரை. இந்தியா இருப்பது மேற்கே, துறைமுகத்தில் நிற்பவனின் முதுகுக்குப் பின்னால், மலையையும் தாண்டி. கப்பல் அங்கிருந்து வடக்கே போய், தீவைச் சுற்றிக்கொண்டுதான் மேற்கே திரும்பும். அன்றும் அப்படியே வடக்கே போனது. சின்னதாகி, புகை மட்டும் ஆகி, அதுவும் மறைந்தது.

ராமசாமி புகை மறைந்த பக்கத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மெல்லக் கையைத் தூக்கிக் காட்டினார்.

"நம்ம ஊரு அங்கிட்டுத்தானே தம்பி?"

"ஆமாண்ணே" என்றேன். "அங்கிட்டுத்தான்."